நாலு கை நட்சத்திர மீன்

என் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் 'நண்டு டீச்சர்' என்று பெயர். வைத்தவர்கள் பிள்ளைகள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவள் வீட்டுக் குளியலறை வாளியில் என்ன கிடக்கிறது என்று பார்க்காமல் மாமா கையை விடுவதில்லை. ஒருமுறை விட்டார், பாவம். அவர் விரலைக் கவ்விக்கொண்ட நண்டைப் பார்த்து, "ஐயையோ, உதறாதீங்க, அதோட கால் உடைஞ்சிடும்!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள். மாமாவின் விரலைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

ஆய்வுக்கூட ஜாடியில் வெளுத்து மிதக்கிற பிராணியைக் காட்டி விலங்கியல் நடத்த அவளுக்கு மனசு வராது. கடல் உள்வாங்கும் காலை வேளைகளில் பிள்ளைகளை என் வேனில் ஏற்றிப் பாறைக்கரைக்குக் கூட்டிப்போவாள். கல்லைப் புரட்டு, பார், வரை, கல்லை இருந்தபடியே மூடு. இதுதான் அங்கே சட்டம். யார் வந்தாலும் வரைந்தாக வேண்டும். வேன் ஓட்டின பாவத்துக்கு நானும் ஒரு நத்தை வரைந்தேன். "இதென்னடா, ஸ்க்ரூவா?" என்றாள்.

போன மாதம் ஒரு பிள்ளையின் காலைப் பாறைச் சிப்பி கிழித்துவிட்டது. தலைமையாசிரியை அக்காவைக் கூப்பிட்டார்.

"ஜாடியிலயே எல்லாம் இருக்கே, கடலுக்கு எதுக்குப் போகணும்? நானே வந்து பாக்கறேன். பிரயோஜனம் இல்லேன்னா இதோட நிறுத்திக்கலாம்."

அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வகுப்பு போனால் அவளுக்கு அந்த வேலையே வேண்டாம்.

சொன்னபடி மேடம் ஹை ஹீல்ஸோடு வந்து இறங்கினார். அக்கா ஒரு நட்சத்திர மீனைக் கடல்நீர் நிரப்பிய தட்டில் வைத்தாள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து வரைந்தார்கள். சட்டம் சட்டம்தானே, மேடமும் வரைந்தார். பிறகு எல்லாத் தாளையும் வாங்கிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் அழகாக ஐந்து கை.

"பரவாயில்லையே, எல்லாரும் கரெக்டா போட்டிருக்காங்க!" என்று தன் தாளையும் சேர்த்து அக்காவிடம் கொடுத்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்தது. நான் கண்ணைக் காட்டினேன். கேட்டால்தானே!

"எல்லாருக்கும் முட்டை! தட்டுல இருக்கறதுக்கு எத்தனை கை? எண்ணுங்கடி!"

நாலுதான். ஐந்தாவது எங்கோ அறுந்துபோய், அந்த இடத்தில் கடுகளவு முளைவிட்டிருந்தது.

"புக்ல அஞ்சு இருக்கு மிஸ்," என்றாள் ஒருத்தி.

"புக்கையா வரையச் சொன்னேன்? கண்ணை வீட்டுல வச்சிட்டு வந்தீங்களா?" கத்திக்கொண்டே தாள் தாளாக முட்டை போட்டாள். கடைசித் தாளிலும் பெரிதாக ஒன்று. அது மேடத்தின் தாள்.

அக்காவின் முகம் வெளுத்தது. ஆனாலும், "நாலு கைதான் மேடம்," என்றாள்.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப்பாறையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு கையாகத் தொட்டு எண்ணினார். நட்சத்திர மீன் கைகளுக்கு அடியில் இருக்கும் மெல்லிய குழாய்க்கால்களால் மெதுவாக அவர் விரலைப் பிடித்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு அவராகவே விரலைத் திரும்பக் கொடுத்தார்.

"நானும் விலங்கியல்தான் படிச்சேன். உயிரோட இப்பதான் பாக்கறேன்," என்றார். "இந்தக் கை முழுசா வளர எவ்வளவு நாள் ஆகும்?"

"ஒரு வருஷம்கூட ஆகலாம் மேடம்."

"அப்ப ஒரு வருஷம் வந்து பாத்தாத்தானே தெரியும்," என்றவர், பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "யார்கிட்டம்மா ரப்பர் இருக்கு?"