நெஞ்சுக்குள் நின்ற சோறு

ஆயத்த ஆடை ஆலையில் அவளைப் பட்டனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைக்குப் பட்டன் வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பதினோரு வருடமாக அவளோடு ஒரே மேசையில் சாப்பிட்டவள் துணி வெட்டும் பிரிவிலிருந்த கட்டிங்காரி. "நீ சாப்பிடுறதைப் பார்த்தா குருவியே வெட்கப்படும்டி" என்று கிண்டல் செய்வாள்.

நாலு கவளத்துக்கு மேல் பட்டனக்காவுக்கு இறங்காது. சோறு நெஞ்சுக்குள் நின்றுகொள்ளும். தண்ணீர் குடித்தால் அதுவும் அதன்மேல் நிற்கும். கழிப்பறைக்கு ஓடிக் குனிந்தால் மென்ற சோறு மென்றபடியே வெளியே வரும். வாய்வழியாகக் கேமராவை இறக்கி எண்டோஸ்கோப்பி எடுத்த டாக்டர், "உள்ளே எல்லாம் சுத்தமா இருக்கு. மனசுதான் காரணம்" என்றார். அவள் கணவரும் எல்லாம் மனசுதான் என்று அதையே பிடித்துக்கொண்டார்.

கட்டிங்காரி ஒருத்திதான் அவளை நம்பினாள். அப்படித்தான் பட்டனக்கா நினைத்திருந்தாள். டாக்டர் சொன்னதையும் அவளிடம் சொன்னாள்.

"யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே."

"சேச்சே, என்னைத் தெரியாதா உனக்கு?"

சூப்பர்வைசர் வேலை காலியானபோது அடுத்தது பட்டனக்காதான் என்று எல்லாரும் பேசினார்கள். மேனேஜர் அவளை அழைத்தார்.

"மனசு சரியில்லாம சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுக்கறியாமே? முப்பது பேரை எப்படிம்மா கட்டி மேய்ப்பே?"

ஆலையில் இது தெரிந்தவள் கட்டிங்காரி ஒருத்திதான். அந்த வாரமே சூப்பர்வைசரின் நீலக் கோட்டைக் கட்டிங்காரி போட்டுக்கொண்டாள்.

எடை பதினாலு கிலோ குறைந்ததும் தங்கை அவளை வேறு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கி, மடக்கு மடக்காகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள்.

"உணவுக்குழாய் சோத்தைக் கீழே தள்ளணும். உங்களுக்குத் தள்ளவே இல்லை. இரைப்பை வாசல்ல இருக்கிற தசையும் திறக்க மாட்டேங்குது. கேமராவில இது தெரியாமப் போகலாம். இது மனசு இல்லைம்மா" என்றார் டாக்டரம்மா. பட்டனக்கா குலுங்கி அழுதாள்.

வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு அந்தத் தசையை வெட்டிவிட்டார்கள். தள்ளும் சக்தி திரும்பவில்லை. ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்து, நன்றாக மென்று, தண்ணீரோடு சாப்பிட்டால் இறங்கியது.

வேலைக்குத் திரும்பிய நாளில் ரிப்போர்ட்டை மேனேஜரிடம் நீட்டினாள். "முன்னாடியே காட்டியிருக்கலாமே" என்று அவர் திருப்பித் தந்தார். வாசலில் கட்டிங்காரி நின்றிருந்தாள்.

"உன் உடம்பு தாங்காதேன்னுதான்டி சொன்னேன். உன் நல்லதுக்குத்தான்."

"உடம்புன்னா சொன்னே? மனசு சரியில்லைன்னு சொன்னியே, அதுவும் என் நல்லதுக்கா?"

கட்டிங்காரி கோட்டில் ஒட்டியிருந்த நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

மறுமாதமே பட்டனக்கா மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு ஆலையின் பின்கட்டடத்துக்கு மாறினாள். அங்கே பக்கத்தில் உட்கார்ந்த பெண், "ஏன்க்கா இவ்வளவு மெதுவா சாப்பிடறீங்க?" என்று அன்பாகத்தான் கேட்டாள்.

"பழக்கம்" என்றாள் பட்டனக்கா. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த கவளத்தை மெல்லத் தொடங்கினாள்.