சேற்றுக்குள் ஒரு கை

இறால் தடவப் போனால் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்வோம். பனையோலையில் முடைந்த சின்னப் பை அது. இரண்டு கைகளும் சேற்றைத் துழாவ வேண்டும், அகப்பட்டதைப் பறிக்குள் போட வேண்டும். வாயில் பறி இருக்கும்போது பேச முடியாது. பழவேற்காடு ஏரியில் மார்பளவு தண்ணீரில் மண்டியிட்டபடி, அக்காவும் நானும் மணிக்கணக்காகப் பேசாமல் நகர்ந்துகொண்டிருப்போம். அக்கா என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. என் கதைகளெல்லாம் அந்த மௌனத்தில்தான் வந்தன.

ஒருநாள் காலை ஏரியும் வானமும் ஒரே வெளுப்பாக இருந்தன. தண்ணீர் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. சேற்றுக்குள் என் விரலில் ஏதோ மெத்தென்று பட்டது. ஏதாவது பாசியாக இருக்கும். ஆனால் கீழேயிருந்து யாரோ என் கையைத் தொட்டதாகவே தோன்றியது. பயம் வரவில்லை. யாராக இருக்கும் என்று மட்டும் யோசித்தேன்.

அதற்குச் சில நாள் முன்புதான், டச்சுக் கல்லறைகளைப் பார்க்க வந்தவர்களிடம் ஒருவர் விளக்கிச் சொல்வதை நின்று கேட்டிருந்தேன். டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டி வாழ்ந்த காலத்தில் துணியோடு ஆட்களையும் கப்பலேற்றி விற்றார்களாம். அப்படிப் போனவர்கள் யாருக்கும் அங்கே ஒரு கல்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து எழுதினேன். கப்பலுக்குக் கொண்டுபோகும் படகிலிருந்து ஒரு பெண் முகத்துவாரத்தில் குதித்துவிடுகிறாள். அன்றிலிருந்து ஏரிக்கு அடியிலேயே ஒளிந்திருக்கிறாள். பல நூறு வருஷம் கழித்து, இறால் தடவும் ஒருத்தியின் கையைப் பிடித்து, “கப்பல் போயிட்சா?” என்று கேட்கிறாள். அந்த இடத்தில் கதையை நிறுத்தி, ஒரு சிறுபத்திரிகைக்கு அனுப்பினேன். மாயக் கதைகளும் அறிபுனைவும் மட்டுமே போடும் பத்திரிகை. அதன் பழைய இதழ் ஒன்று பொன்னேரி பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் கிடைத்திருந்தது.

ஆசிரியரிடமிருந்து கார்டு வந்தது. ‘கதை பிடித்திருக்கிறது. மேலே இருப்பவள் என்ன பதில் சொன்னாள்? அது இல்லாமல் எப்படிப் போடுவது?’

எனக்கே தெரியவில்லை. போய்விட்டது என்று சொன்னால் அவள் மேலே வந்துவிடுவாள். வந்தால் இங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு வாரம் அந்தக் கேள்வியோடே திரிந்தேன். கடைசியில், கரையில் இறால் பிரிக்கும்போது அக்காவிடம் முழுக் கதையையும் சொன்னேன்.

“இன்னாமே இது! இத்தினி நாளு தண்ணிக்குள்ள இதத்தான் நெனச்சிகினு இருந்தியா?” என்றாள். பிறகு பெரிய இறாலாகப் பொறுக்கித் தனியே போட்டாள். “போயிட்சினு சொல்லிடு. பாவம், எத்தினி நாளு மூச்சு அடக்குவா?”

“மேல வந்து யாராண்ட போவாக்கா?”

“நம்மகூடத்தான் இருக்கட்டுமே. ஒரு பறி குடுத்தா அவளும் தடவ மாட்டாளா இன்னா?”

அதை அப்படியே எழுதி அனுப்பினேன். இரண்டு மாதத்தில் இதழ் வந்தது. அச்சில் என் கதை யாரோ எழுதியதுபோல இருந்தது. அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். தலையை ஆட்டிக் கேட்டாள். முடிந்ததும் பறியைக் காயப்போட எழுந்துபோனாள்.

மறுநாள் ஏரியில் எப்போதும் என்னை ஒட்டியே நகர்கிறவள், ஓர் ஆள் இடம் விட்டுத் தள்ளி நகர்ந்தாள். நான் திரும்பிப் பார்த்ததும் வாயிலிருந்த பறியை எடுத்தாள்.

“அவுளுக்கும் எடம் வோணுமில்ல” என்றாள். சிரிக்கவில்லை. பறியைக் கடித்துக்கொண்டு மறுபடி குனிந்துவிட்டாள். அந்த இடைவெளியில் தண்ணீர் லேசாக அலைந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம் பொன்னேரி நூலகத்துக்குப் போனேன். அந்த இதழ் மேசைமேல் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயதான ஒருவர் அதை எடுத்துப் புரட்டி, என் கதை இருந்த பக்கத்தில் நிறுத்திப் படிக்கத் தொடங்கினார். நான் எதிரே உட்கார்ந்து, செய்தித்தாளுக்கு மேலாக அவர் முகத்தையே பார்த்தேன். பாதியில் ஓரிடத்தில் அவர் மெல்லச் சிரித்தார். அங்கே சிரிக்க ஒன்றுமே இல்லையே என்று குழம்பினேன். எந்த வரி என்று கேட்க வாய்வரை வந்தது. அதற்குள் அவர் அடுத்த கதைக்குப் போய்விட்டார்.