சைலன்சர் பார்த்த ஜன்னல்

என் தங்கை செல்வியை வேலையை விட்டுக் கூட்டிக்கொண்டு வருவதற்காகத்தான் 2006 பிப்ரவரி 13, திங்கட்கிழமை மாலை சாத்தூரில் ரயில் ஏறினேன். சுற்றிப் பார்க்கப் போன பயணம் இல்லை. ஆனாலும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் நம் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் இப்போது கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போகிறார்கள். அவர்களைப் பார்க்கவோ, அறை பிடித்துக் கொடுக்கவோ கிளம்புகிற வீட்டார் யாராவது இதைப் படிப்பீர்கள் என்று வழி, நேரம், செலவு எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

செல்விக்கு இருபது வயது. ஒரகடம் தாண்டி ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஐந்து மாதமாக ட்ரெய்னி. நைட் ஷிஃப்ட் வருகிற வாரங்களில் மட்டும் அவளுக்குத் தலைவலியும் குமட்டலும். லைனில் நின்றுகொண்டிருக்கும்போதே இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டாள். இன்னொரு முறை விழுந்தால் வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம் ஆகும். விஷயம் அப்பா காதுக்குப் போனதும், "ராத்திரி வேலை அவ உடம்புக்கு ஆகாது, போய்க் கூட்டிட்டு வந்துரு" என்று முடித்துவிட்டார். அவள் சாமான்களைக் கட்டி எடுத்துவர ஒரு பெரிய ரெக்ஸின் பையைக் காலியாக மடித்து எடுத்துக்கொண்டேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு டீசல் வேன் வைத்திருக்கிறோம். வண்டி அவர் பொறுப்பு, கணக்கு என் பொறுப்பு. நிற்கிற வண்டியில் இன்ஜின் ஓடினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வேனில் அளந்தே பார்த்திருக்கிறேன், மணிக்கு முக்கால் லிட்டர் சும்மா போகிறது. டீசல் லிட்டர் முப்பது ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில் இது யார் அப்பன் வீட்டுச் சொத்து என்று எங்கள் டிரைவர்களோடு நான் போடாத சண்டை இல்லை.

ஸ்லீப்பர் டிக்கெட் 232 ரூபாய். காலை 5.50-க்குத் தாம்பரம். மேற்குப் பக்கம் இறங்கி, டீ குடித்துவிட்டு (2.50, தண்ணீராக இருந்தது), வாலாஜாபாத் போகிற பஸ்ஸில் ஏறினேன். முடிச்சூர், மண்ணிவாக்கம் வழியாகப் படப்பை பதினைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஆறு ரூபாய். காலையில் இந்தச் சாலையில் ஷிஃப்ட் பஸ்களும் மண் லாரிகளும் போட்டி போடுவதால் ஐம்பது நிமிடம் ஆகிறது. அந்த பஸ் சேரப்பணஞ்சேரியிலும் நிற்கும், படப்பையில் இறங்காதீர்கள். நான் பழம் வாங்கலாம் என்று இறங்கி ஷேர் ஆட்டோவில் மாட்டிக்கொண்டேன்.

அந்த ஆட்டோ ஆள் சேரும்வரை படபடவென்று ஓடிக்கொண்டே பன்னிரண்டு நிமிடம் நின்றது. என் வாய் சும்மா இருக்குமா?

"அண்ணே, கிளம்புறப்ப ஸ்டார்ட் பண்ணக் கூடாதா?"

"ஆஃப் பண்ணா எவன்மா ஏறுவான்? ஓடிக்கினு இருந்தாத்தான் இப்ப கெளம்பிடும்னு நெனச்சுக்கினு ஓடியாருவான்."

அதுவும் ஒரு நியாயம்தான். ஐந்து கிலோமீட்டர், ஐந்து ரூபாய். 8.20-க்குச் சேரப்பணஞ்சேரி.

செல்வி இருக்கும் இடம் மெயின் ரோட்டிலிருந்து ஆறு நிமிட நடை. ஊர்க்காரர் ஒருவர் மாட்டுக் கொட்டகையை இடித்துவிட்டு ஷீட் போட்டு வரிசையாக நாலு அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். அறைக்கு நாலு பெண்கள், தலைக்கு 350 ரூபாய். அறைக்கு ஒரே ஜன்னல், அது பக்கத்துச் சந்துப் பக்கம் பார்த்து இருக்கிறது. சந்தில் நல்ல பெரிய புங்கமரம். செல்வியின் பாய் ஜன்னலுக்கு நேர் கீழே. கடைசியாக வந்தவள், சின்னவள், காற்று வரட்டும் என்று மற்ற மூவரும் அந்த இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

"வந்துட்டியாக்கா" என்றாள். கையில் பையைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "நான் வரலக்கா. இன்னும் ஒரு மாசந்தான். பல்லக் கடிச்சிட்டு இருந்துருவேன்."

"மறுபடி விழுந்து மண்டையை உடைச்சிக்கிட்டா?"

"விழ மாட்டேன்."

ஐந்து மாதத்தில் இளைத்துப் போயிருந்தாள். எனக்கு அழுகை வந்தது, அதைக் கோபமாக மாற்றிக்கொண்டேன். சாப்பாடு சரியில்லை, தூக்கம் சரியில்லை, சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். படப்பை டாக்டர் கொடுத்த சத்து மாத்திரையைக் காட்டினாள். அதை நான் மதிக்கவில்லை. ஒன்பது மணிக்கு நாலு பேரும் படுத்தார்கள். எனக்கும் ரயில் அலுப்பு, அவள் பக்கத்திலேயே கட்டையைச் சாய்த்தேன்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு ஒரு வண்டி சந்துக்குள் பின்பக்கமாக வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பெண்கள் யாரும் அசையவில்லை. அந்தச் சத்தத்தில் செல்வி இன்னும் ஆழமாகத் தூங்கியதுபோல்தான் இருந்தது. நானும் கண் அசந்துவிட்டேன்.

விழித்தபோது மணி 12.40. நெற்றியின் இரண்டு பக்கமும் சம்மட்டி அடிப்பது போல வலி, வயிற்றைப் புரட்டியது. ரயிலில் சாப்பிட்ட புளியோதரையைத் திட்டிக்கொண்டு, காற்று வரட்டும் என்று பாதி சாத்தியிருந்த ஜன்னலை நன்றாகத் திறந்தேன். அப்போதுதான் முகத்தில் சூடாக அடித்தது. ஒரு முழத் தூரத்தில் வேனின் சைலன்சர், ஜன்னலைப் பார்த்தபடி. ஜன்னலுக்குக் கீழே வெள்ளையடித்த சுவரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கரி படிந்திருந்தது.

ஒரு நாளில் படிகிற கரி இல்லை அது.  செல்வியை உலுக்கி எழுப்பி, மற்ற மூவரையும் எழுப்பி வெளியே தள்ளிவிட்டு, சந்துக்கு ஓடினேன். வண்டியில் ஆள் இல்லை. மரத்தடியில் துண்டை விரித்து ஐம்பது வயசுக்காரர் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெயர் ஏகாம்பரம் என்று பிறகு தெரிந்தது. மற்ற அறைப் பெண்களை இரண்டு மணி ஷிஃப்டுக்கு 1.15-க்கு ஏற்றிப் போகிற வேன் அவருடையது. கம்பெனிக்குச் சொந்தமில்லை, கடனில் வாங்கியது, அவரே ஓட்டுகிறார். இடையில் வேறு சவாரி இல்லாததால் முன்கூட்டியே வந்து மர நிழலில் காத்திருப்பார்.

"வண்டிய அணைங்க முதல்ல! ஒரு மணி நேரமா நிக்கிற வண்டி எதுக்கு ஓடணும்? செல்ஃப் போச்சா?"

"செல்ஃபுதாம்மா போச்சு. ஆஃப் பண்ணா நாலு பேரு தள்ளணும்."

"அதுக்கு? புள்ளைங்க மூஞ்சியில புகையை வுடுவீங்களா?"

மனிதர் எழுந்து நின்றார். கோபப்படுவார் என்று பார்த்தேன், அடிபட்ட முகமாகிவிட்டது.

"இன்னாமா இப்டி பேசுற. இதுங்க தூங்கணும்னுதாம்மா வண்டிய ஓட வுட்டு வெச்சிக்கினு கீறேன். எங்கைக் காச டீசலா ஊத்திக்கினு."

எனக்குப் புரியவில்லை. அதற்குள் செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"அண்ணனை ஏசாதக்கா. நாங்கதான் அணைக்க வேண்டாம்னு சொன்னோம்."

நடந்தது இது. தீபாவளிக்குப் பிறகு, வண்டியை ஸ்டார்ட் செய்கிற செல்ஃப் மோட்டார் கெட்டுப்போனது. தினமும் ஒரு மணிக்குச் சந்துக்குள் ஆள் சேர்த்து, சத்தம் போட்டுத் தள்ளி, வண்டி நாலு தடவை இருமிக் கிளம்பும். நைட் முடித்துத் தூங்குகிற பெண்கள் திடுக்கிட்டு எழுந்துவிடுவார்கள், பிறகு தூக்கம் வராது. அந்த வாரம் ஒருத்தி லைனில் தூங்கி விழுந்து மெமோ வாங்கினாள். ஆகவே எல்லோரும் சேர்ந்து ஏகாம்பரத்திடம் போய், அணைக்கவே வேண்டாம் அண்ணா, ஓடிக்கிட்டே இருந்தா எங்களுக்குத் தொந்தரவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவரும் அன்றிலிருந்து அணைப்பதில்லை. கிளம்பும்போது திருப்பினால் சத்தம் வருமே என்று, வரும்போதே பின்பக்கமாக விட்டு நிறுத்துகிறார். அதனால்தான் சைலன்சர் ஜன்னல் பக்கம் வந்தது. இவர்கள் தூக்கத்துக்கு அவர் டீசல் எரித்திருக்கிறார், அவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று இவர்கள் நாற்றத்தைப் பொறுத்திருக்கிறார்கள். இவ்வளவு நல்ல மனசுக்காரர்கள் சேர்ந்து என் தங்கையைப் பாதி கொன்றுவிட்டார்கள்.

"ஞாயித்துக்கிழமை தலை வலிக்குமா?" என்று செல்வியிடம் கேட்டேன்.

"இல்ல. லீவுல்ல, அதான்னு நெனச்சேன்."

"ஞாயித்துக்கிழமை வண்டி வராதுல்ல, அதான்."

சாயங்கால ரயிலை விட்டேன். (டிக்கெட் ரத்து செய்ததில் பாதிப் பணம்தான் திரும்பியது.) செல்வியைப் பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் ஐந்து மணிவரை தூங்க வைத்தேன். அன்று ஷிஃப்டுக்கு அனுப்பலாமா என்று எனக்குப் பயம்தான். ஒரு மணி நேரம் புகையைக் குடித்த உடம்பு, போய் விழுந்தால் கதை முடிந்தது. லீவு போட்டாலும் பேர் கெடும் என்று அவள் கிளம்பிவிட்டாள். மறுநாள் காலை 7.05-க்குக் கம்பெனி பஸ்ஸில் இறங்கி அவள் நடந்து வருவதைப் பார்க்கும்வரை எனக்கு உயிரே இல்லை. விழவில்லை. லேசாகத் தலைவலி என்றாள்.

இதற்குள் நானும் ஏகாம்பரமும் சேர்ந்து இடம் பார்த்திருந்தோம். அறைகளிலிருந்து நூற்றைம்பது அடி தள்ளி ஏரிக்கரையிலிருந்து ஒரு மண் பாதை இறங்குகிறது. வண்டியை மேலே ஏற்றி, முன்பக்கம் கீழே பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் போட்டு அணைத்துவிட வேண்டும். கிளம்பும்போது கல்லை எடுத்து உருளவிட்டு செகண்ட் கியரில் விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

"ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணா டீசல் ஜாஸ்தி குடிக்கும்மா" என்று கடைசியாக ஒரு முட்டுக்கட்டை போட்டார்.

"நான் ரெண்டு வேனுக்கு அஞ்சு வருசமா கணக்கு எழுதுறேண்ணே. எங்கிட்டயேவா?"

புதன்கிழமை உருண்டது, பிடிக்கவில்லை. யூனிஃபார்ம் போட்ட ஆறு பெண்கள் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். அறைவரை சத்தம் கேட்கவில்லை. வியாழக்கிழமை முதல் உருளிலேயே பிடித்தது. ஏகாம்பரம் என்னைப் பார்த்து ஹாரன் அடிக்கப் போய், ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டார். அன்று செல்வி வேன் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று அரைமணி நேரம் புரண்டாள். பிறகு மாலை நாலரைவரை எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் பசிக்கிறது என்றாள்.

வியாழன் மாலையே காலிப் பையோடு தாம்பரத்தில் ரயில் ஏறினேன். அப்பாவிடம் திட்டு வாங்கினேன், அது தனி.

அறை பார்க்கப் போகிறவர்களுக்கு: காலையில் போய்ப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். நண்பகலில் ஒரு தடவை, ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரு தடவை போய் நில்லுங்கள். ஜன்னலுக்கு வெளியே எந்த வண்டி, எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று பாருங்கள், சுவரில் கரி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிள்ளைக்குத் தலைவலி என்றால் எந்த வாரம், எந்தக் கிழமை என்று கேளுங்கள். டிரைவரிடம் முதலில் கத்தாதீர்கள், காரணம் கேளுங்கள். நான் கத்தினேன், அது தப்பு.

இவ்வளவு உபதேசம் செய்கிறவள் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏகாம்பரம் வண்டி அணைந்த அன்று, எஸ்.டி.டி. பூத்திலிருந்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "காலையில நம்ம ஸ்கூல் வேன் முக்கு வேப்பமரத்தடியில அரைமணி நேரம் ஓடிக்கிட்டே நிக்குமே, பின்பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "பால்வாடி ஜன்னல். ஏன் கேக்க?" என்றார். அந்த இடத்தை நிழல் என்று பார்த்துச் சொன்னவள் நான். டீசலுக்காக அத்தனை சண்டை போட்டேனே தவிர, புகை போகிற பக்கம் யார் இருக்கிறார்கள் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

நேற்று செல்வி போன் செய்தாள். வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. மறுபடி ஒரு நைட் வாரமும் முடிந்துவிட்டது, விழவில்லை. ஏகாம்பரம் படப்பையில் செல்ஃப் மோட்டாரைச் சரிசெய்துவிட்டாராம், ஆனாலும் ஏரிக்கரையில்தான் நிறுத்துகிறாராம். பால்வாடி ஜன்னல் விஷயத்தை நான் ஊருக்குக் கிளம்பும் முன்பே அவளிடம் சொல்லியிருந்தேன். பிறகு அவள் கேட்டாள்:

"உன் வேன் இப்ப எங்கக்கா நிக்குது?"

"இடம் மாத்தியாச்சுடி."

"எப்ப?"

"இன்னைக்குக் காலையில."

சேரப்பணஞ்சேரியில் ஒரே நாளில் செய்ததைச் சாத்தூரில் செய்ய எனக்கு முப்பத்தொரு நாள் ஆகியிருக்கிறது. டிரைவர் ஒத்துக்கொள்ளவில்லை, வேறு நிழல் இல்லை என்று அவளிடம் காரணம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் உண்மையில்லை. ஊர் வந்ததும் மறந்துவிட்டேன். அந்த ஜன்னலுக்குள் என் தங்கை படுத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.