கூலருக்கு நாலு வாளி தண்ணீர்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். என் கணவருக்கோ கோபமே வராது என்றுதான் கல்யாணமாகிப் பத்து வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். வடக்கே, ஆர்.கே.புரம் அரசுக் குவார்ட்டர்ஸில் எங்கள் மகள் போடும் கூச்சல் கீழ்வீடு வரை கேட்கும். தட்டைத் தள்ளிவிடுவாள், கதவை உதைப்பாள். நான் கரண்டியோடு ஓடிவருவேன். அவரோ, "கூலருக்குத் தண்ணி ஊத்திட்டு வாரேன்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு பால்கனியிலிருக்கும் ஏர்கூலர் பக்கம் போய்விடுவார். திரும்பி வந்து அவளோடு நிதானமாகப் பேசுவார்.

ஒரு மே மாதம் பொறுக்காமல் கேட்டேன். "புள்ள இந்த ஆட்டம் ஆடுது, ஒங்களுக்குக் கூலர்தான் முக்கியமா?"

"எங்கப்பாவோட அடிக்கிற கை அப்படியே எனக்கு வந்திருக்கு" என்றார். "வாளியப் பிடிச்சிருந்தா அது வேற எங்கயும் போகாது."

பயந்தாங்கொள்ளி என்று நான் கேலி செய்த மனிதர் தினமும் தன்னோடு மல்லுக்கட்டிவிட்டு வந்திருக்கிறார். அன்றைக்கு அவர்மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

அதற்காக நான் திருந்திவிடவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் மகளை ஓர் அறை விட்டேன். அதன்பிறகு பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அப்பாவுக்கு மட்டும்தான். சமையலறையிலிருந்து நான் ஒட்டுக்கேட்பேன். பெற்ற பிள்ளை எனக்குப் பயப்படுகிறாளே என்று சோறு இறங்கவில்லை.

ஜனவரியில் அவர் ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, மகளைத் தமிழ் வகுப்புக்குக் கிளம்பச் சொன்னேன். அவள் தமிழ் நோட்டைக் கிழித்துச் சாம்பாரில் போட்டாள். என் கை ஓங்கிவிட்டது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அடி விழும் என்பதில் அவளுக்குத் துளி சந்தேகம் இல்லை.

ஓங்கிய கையால் வாளியை எடுத்தேன். பால்கனியில் கூலர் பழைய போர்வை சுற்றிக் கிடந்தது. போர்வையை உருவிவிட்டு ஊற்றினேன். பனிமூட்டத்தில் எதிர் பிளாக் தெரியவில்லை. விரல்கள் விறைத்துப்போயின. மூன்றாவது வாளியின்போது அவள் வாசலில் நின்றாள்.

"இப்ப சர்தி அம்மா, குளிருது. கூலர் எதுக்கு? பாகல் ஆயிட்டியா?"

"கொஞ்சம் பைத்தியந்தான்" என்றேன். "இன்னொரு வாளி ஊத்தினாச் சரியாயிரும்."

அவள் உள்ளே போய் ஒரு மக் தண்ணீர் கொண்டுவந்து கூலரில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "போன வாரம் தமிழ் டீச்சர் என்னைய எந்திரிச்சுப் படிக்கச் சொன்னாங்க. எனக்கு வரல. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பாட்டகூடச் சொல்லல."

வாளியைக் கீழே வைத்துவிட்டு அவளை அணைத்துக்கொண்டேன். சில்லிட்ட என் கைக்கு அவள் ஒதுங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வந்தவர், ஜனவரிக் குளிரில் கூலர் நிறையத் தண்ணீரைப் பார்த்தார்.

"எத்தன வாளி?"

"நாலு."

"பரவால்லயே" என்றார். "எனக்கு ஆறு ஆகும்."