தண்ணீருக்குள் ஒரு வெள்ளைக் கோடு

ஏணியின் மூன்றாவது படியில் நின்றபடி, நீண்ட மூங்கில் குச்சியின் நுனியில் கட்டிய தூரிகையால் சுவரில் வரைந்த வானத்துக்கு நீலம் பூசுவார் அந்த ஓவியர். ஏணிக்குப் பதினொரு படிகள். நான்காவதில் அவர் கால் பட்டதை யாரும் பார்த்ததில்லை. "அதுக்கு மேல ஏறினா பூமி என்னை விட்டுட்டுப் போற மாதிரி இருக்குய்யா" என்பார். சுமைதூக்கிகள் அவருக்கு வைத்த பெயர் மூணாம்படி. அப்படிக் கூப்பிட்டால் கோபிக்காமல் திரும்பிப் பார்ப்பார்.

நாய், லிஃப்ட், முத்திரை குத்திய கடிதம், எதிரே வரும் அதிகாரி எல்லாவற்றுக்கும் பயம். வீட்டில் பல்லி விழுந்தால் மனைவிதான் துடைப்பத்தோடு வரவேண்டும். அதுவரை இவர் கட்டிலின் மேல்.

தொழிலில் மட்டும் ஆள் வேறு. கப்பல் கம்பெனியின் கூடத்துச் சுவரில், நூறாண்டுக்கு முந்தைய ஒரு நாளின் துறைமுகத்தை இருபதடி அகலத்துக்கு வரைகிறார். நீராவிக் கப்பல்கள், பீப்பாய் உருட்டுகிறவர்கள், தராசின் நிழலில் வாய்பிளந்து தூங்குகிறவன். வெயில் எந்தப் பக்கம் விழுந்தது என்று தெரியாமல் ஒரு மூட்டையைக்கூட வரையமாட்டார். அதற்காகத்தான் ஆவண அறைக்குப் போய் அந்த நாளின் துறைமுகப் பதிவேட்டைப் புரட்டினார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

படத்தின் நடுவே நிற்கும் கம்பெனிக் கப்பல் அன்று மதியம் புறப்பட்டு, நானூறு கூலியாட்களோடு மூழ்கியது. புயல் என்று கம்பெனியின் நூற்றாண்டு மலர் கண்ணீர் வடிக்கிறது. பதிவேடு சொல்வது வேறு: காற்று இல்லை, வானம் தெளிவு, பாரக்கோடு தண்ணீருக்குள் ஒரு முழம். கப்பலின் விலாவில் தீட்டிய வெள்ளைக் கோடு அது. தண்ணீர் அதைத் தாண்டி ஏறினால் சுமை மிஞ்சிவிட்டது என்று பொருள். அடியில் தண்டவாளங்களை அடைத்து, மேலே மனிதர்களையும் அடைத்திருக்கிறார்கள். தண்டவாளத்துக்கு எண் இருந்தது. மனிதர்களுக்குப் பெயர் இல்லை. பழியைக் காற்றின் தலையில் போட்டாயிற்று. காற்று வழக்குப் போடாது.

மூணாம்படி பதிவேட்டில் கண்டபடியே வரைந்துவிட்டார். தெளிந்த பச்சை நீருக்குள் நெளியும் வெள்ளைக் கோடு. அன்றோடு தூக்கம் போயிற்று. குடியிருப்பது கம்பெனி குவார்ட்டர்ஸ். மனைவி கம்பெனி ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"ஏங்க, ஒரு விரல்கடைக் கோடு. அழிச்சுட்டு மேல போட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"பல்லிக்குக் கட்டில் ஏறுற ஆளு, முதலாளியோட மோதப் போறாராம்!"

"மோதலம்மா. பயமாத்தான் இருக்கு. கைதான் மாத்திப் போடமாட்டேங்குது."

அவள் எழுந்துபோய், தன் நர்ஸ் சான்றிதழ்களை ஒரு பையில் எடுத்து வைத்தாள்.

முதலாளி படம் பார்க்க வந்தார். கூடவே ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் ஒருவர்.

"எங்க கொள்ளுத்தாத்தா எங்கய்யா?"

மூணாம்படி, கரையில் குடை பிடித்து நிற்பவரைக் காட்டினார்.

"அடேயப்பா, என்ன கம்பீரம்!"

கேப்டன் குடைக்காரரைப் பார்க்கவில்லை. குனிந்து கப்பலின் விலாவைப் பார்த்தார். "என்னய்யா, கோடு முங்கிக் கிடக்கு? இப்படி விட்டா குளத்துலகூடக் கவுந்துரும்."

முதலாளியின் சிரிப்பு நின்றது. விவரம் தெரியாதவரல்லர். "கை தவறிப் போட்டுட்டீங்க, இல்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

தப்பிக்க வாசலைத் திறந்தே விட்டிருந்தார். மூணாம்படி ஏணியை ஒரு கையால் பற்றிக்கொண்டார்.

"இல்லீங்க ஐயா. அன்னிக்கு அப்படித்தான் இருந்துச்சு. பதிவேட்டுல இருக்கு."

முதலாளி ஒரு தூரிகையை எடுத்து, பச்சையில் தோய்த்து, காம்பை அவர் பக்கம் நீட்டினார். "மூடிடுங்க. நான் இங்கேயே நிக்கிறேன்."

நெற்றி வியர்வை இமையில் இறங்கியது. மூணாம்படி அதைத் துடைக்கவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்றால் இறுகப் பிடித்துக்கொண்டார்.