போயிட்டார் அக்கா

ஒரு வினைச்சொல்லைத் தப்பாகச் சொல்லிவிட்டு, அதை வைத்தே வாழ்க்கையை ஓட்டிவிட முடியுமா என்று கேட்டால் இலக்கண வாத்தியார்கள் அடிக்க வருவார்கள். ஆனால் அக்கா ஓட்டினார். சினிமாவில் நடித்தார், தொலைக்காட்சித் தொடர் தயாரித்தார், கடைசியில் சொந்தமாக நாடகமும் போட்டார். காய்கறிக் கடைக்காரரிலிருந்து பேருந்து நடத்துநர் வரை எல்லோருக்கும் அவர் ‘போயிட்டார் அக்கா’. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வாக்காளர் அட்டையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது.

நடந்தது இதுதான். அக்காவின் அம்மா ஒரு நாடகக் குழுவுக்கு உடுப்புத் தைப்பவர். அன்று வேலைக்காரி வேடத்துக்கான உடுப்பை அளவு பார்ப்பதற்காக மகள்மேல் மாட்டிவிட்டு, வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தார். வேலைக்காரியாக நடிக்க வேண்டிய பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று செய்தி வந்தது. குழுவின் மேலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“உடுப்பு உன் மேலதானே இருக்கு? நீயே மேடைக்குப் போயிடு.”

அம்மா கூடாது என்று சொல்லத்தான் பார்த்தார். வாய் நிறையக் குண்டூசி.

இரண்டே இரண்டு வசனம். முதல் காட்சியில், “அம்மா, ஐயா கிளம்பிட்டார்.” கடைசிக் காட்சியில், பல வருடம் கழித்து வீடு திரும்பும் ஐயாவைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, “அம்மா, ஐயா வந்துட்டார்.” உடனே கதாநாயகி விம்ம வேண்டும், ஐயா கைகளை விரித்தபடி நுழைந்து மூச்சுவிடாமல் பேச வேண்டும், அரங்கமே கண்ணைத் துடைக்க வேண்டும். ஐயாவாக நடித்தவர் அந்தக் காலத்து அழுகை நாடகங்களின் ராஜா. அவர் குரலுக்குக் கூரைத் தகரம் அதிரும் என்று ‘கர்ஜனையார்’ என்றே கூப்பிடுவார்கள்.

முதல் வசனம் நல்லபடியாகப் போனது. கடைசிக் காட்சியில் ஓடி வந்த அக்காவுக்கு, விளக்கு வெளிச்சம் முகத்தில் அடித்ததும் நாக்கு குழறியது. கிளம்பிட்டாரா, வந்துட்டாரா? இரண்டும் மண்டைக்குள் முட்டிக்கொண்டு, இரண்டுமில்லாத மூன்றாவது ஒன்று வெளியே குதித்தது.

“அம்மா, ஐயா போயிட்டார்.”

கதாநாயகி கணக்குப்படி விம்மினார். மறுநொடி, போய்ச் சேர்ந்துவிட்ட ஐயா திடகாத்திரமாக, கைகளை விரித்தபடி உள்ளே வந்தார். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் சிரித்தது. ‘நான் உயிரோடு திரும்பியது உனக்காகத்தான்’ என்று அவர் உருகிய இடத்தில் நாற்காலிகள் தாங்கியதே பெரிய விஷயம். திரைக் கயிறு பிடித்திருந்த இளைஞர் சிரித்த சிரிப்பில் கயிறு கைநழுவி, திரை நேராகக் கர்ஜனையாரின் தலையில் இறங்கியது.

ஒப்பனை அறையில் அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்தவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே, “சிரிக்க வைக்கிறது நடிப்பு இல்ல. அது விபத்து” என்றார். அதோடு சரி. எதிரில் வந்தாலும் அக்காவை ஒரு தூணைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போவார்.

கயிற்றை நழுவவிட்ட திரைக்காரர் மட்டும் மன்னிப்புக் கேட்க அக்கா வீடு தேடி வந்தார். கேட்க ஆரம்பித்ததுமே அந்தக் காட்சி ஞாபகம் வந்து சிரித்துவிட்டார். மறுபடி வந்தார், மறுபடியும் சிரித்தார். இப்படிப்பட்ட ஆளை வேறு என்ன செய்வது? அக்கா கல்யாணம் செய்துகொண்டார்.

பிறகு சினிமா வந்தது. வழுக்கி விழும் நர்ஸ், தப்பான வீட்டுக்குள் நுழைந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் அத்தை, வகுப்பில் தூங்கும் வாத்தியாரம்மா என்று அக்கா விழாத தரை இல்லை. எந்தப் படமானாலும் இயக்குநர் தலையைச் சொறிந்துகொண்டு வருவார்: “அக்கா, அந்தப் போயிட்டாரை மட்டும் ஒரு தடவை சொல்லிடுங்களேன்.” அக்காவும் சொல்லுவார். பேட்டி எடுப்பவர்கள் அதைப் பற்றிக் கேட்டால், “அன்னைக்கு வேணும்னுதான் அப்படிச் சொன்னேன்” என்று கூசாமல் அளப்பார். பக்கத்தில் திரைக்காரருக்கு இருமல் வரும்.

ஒரே மாதிரி விழுந்து விழுந்து இடுப்பு வலித்த பிறகுதான் தயாரிப்பாளர் ஆனார். தயாரிப்பாளர் என்றால் பெரிய நாற்காலி என்று நினைத்திருந்தார். டீ வந்துச்சா, வண்டி வந்துச்சா, கதாநாயகி வந்துச்சா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் ஆள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. தொடரில் வரும் வீட்டுக்குச் சோபா கிடைக்காமல் சொந்த வீட்டுச் சோபாவைத் தூக்கிக்கொண்டு போனார். திரைக்காரர் தரையில் உட்கார்ந்து, தன் சோபாவில் யார் யாரோ உட்காருவதைத் தொலைக்காட்சியில் பார்த்தார். தொடர் ஓடியது, சோபா உடைந்தே போனது.

இவ்வளவு கைதட்டலுக்கு நடுவிலும் அக்காவை ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. தான் நடிகைதானா, இல்லை வாய் தவறிய ஒரு தையல்காரியின் மகளா? ஊர் என்ன சொன்னாலும் அக்காவுக்குப் போதவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் கர்ஜனையார் ஒருவர்தான். அவரோ அழுகை நாடகம் போடுவார் இல்லாமல் வீட்டில் செய்தித்தாளைக் கர்ஜனையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அதனால் அக்கா சொந்த நாடகம் போட முடிவுசெய்ததும் முதல் வேலையாக அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். கதை இதுதான்: நீண்ட பயணம் முடிந்து வீடு திரும்பும் அப்பாவுக்குத் தங்க இடமில்லை. பிள்ளைகள் அவர் அறையை வாடகைக்கு விட்டுவிட்டார்கள்.

“சிரிப்பு நாடகமா?” என்றார் கர்ஜனையார்.

“ஆமாங்கய்யா. ஆனா நீங்க சிரிக்க வைக்க வேண்டாம். கோபமா இருந்தாப் போதும்.”

“உன்னைப் பார்த்தாலே வரும். ஒத்திகையே வேண்டாம்.”

அவர் ஜோக் அடிக்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டு நிபந்தனை போட்டார். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் ஆள் கூடாது. “ரெண்டாவது, நான் மேடையில நிக்கிறப்போ நீ அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது.” அக்கா தலையாட்டினார். தனக்கு வைத்திருந்த பக்கத்து வீட்டம்மா வேடத்தை, அவர் வராத காட்சிகளுக்கு மாற்றி எழுதினார்.

முதல் நாள் அரங்கம் நிறைந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கர்ஜனையார் நுழைந்ததும் பழைய ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தட்டல் ஓய்ந்தது. அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பெட்டியைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். வியர்வையில் ஒப்பனை இறங்கத் தொடங்கியது. பக்கத் திரைக்குள் நின்ற அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். வசனம் எடுத்துக்கொடுக்க ஆளில்லை.

“திரையை இறக்கிடட்டுமா?” என்று கயிற்றைப் பிடித்தபடி கிசுகிசுத்தார் திரைக்காரர்.

இன்னொரு முறை அந்தத் திரை அவர் தலையில் இறங்கினால் இனி அவர் மேடை ஏற மாட்டார். கொடுத்த வாக்கை மீறி உள்ளே போனாலோ, இனி இந்த ஜென்மத்தில் அவர் அக்காவோடு பேச மாட்டார். அக்கா யோசித்தார் என்று சொல்ல முடியாது. கால் தானாகப் போய்விட்டது.

பக்கத்து வீட்டம்மா மேடைக்கு வந்து, பெட்டியோடு நிற்கும் பெரியவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். வீட்டுக்குள் எட்டிக் குரல் கொடுத்தார்.

“அம்மா, ஐயா...”

நிறுத்தினார். அரங்கம் முழுக்க அந்த வார்த்தைக்காக வாயைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தது. முன்வரிசையில் யாரோ அடக்க முடியாமல் ‘களுக்’ என்றார்கள். அக்கா இன்னும் நிறுத்தினார். பிறகு, அன்று சொல்லத் தவறியதை, அவசரமில்லாமல் சொன்னார்.

“...வந்துட்டார்.”

சிரிப்பு கூரைக்குப் போனது. அது அடங்கும் வரை கர்ஜனையார் அசையாமல் நின்றார். அடங்கியதும் பெட்டியைக் கீழே வைத்தார்.

“இல்லம்மா. நான் போயி ரொம்ப நாளாச்சு. நீ கூப்பிட்டதாலதான் வந்தேன்.”

எழுதாத வசனம். மறுபடி எழுந்த சிரிப்பில் அக்காவின் கண் கலங்கியது யாருக்கும் தெரியவில்லை. கர்ஜனையாருக்கு மறந்த வசனம் ஞாபகம் வந்துவிட்டது. அங்கிருந்து தகரம் அதிரப் பிடித்துக்கொண்டார்.

நாடகம் முடிந்து ஒப்பனை அறைக்குப் போனபோது அவர் அன்று போலவே கண்ணாடியைப் பார்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா கதவோரம் நின்றார்.

“வாக்கை மீறிட்டேன்யா.”

“நாளைக்கும் அதே இடத்துல வா” என்றார் அவர். “எனக்கு வசனம் ஞாபகம் இருந்தாலும் வா.” துணியை வைத்துவிட்டு முதல்முறையாக அக்காவின் பக்கம் திரும்பினார். “அன்னைக்கு நடந்தது விபத்து. இன்னைக்கு நீ பண்ணினது நடிப்பு.”

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் வாய் பழைய வாய்தானே.

“அன்னைக்குப் பண்ணினதும் நடிப்புன்னுதான் ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கேன். காட்டிக் குடுத்துடாதீங்கய்யா.”

கர்ஜனையார் சிரித்தார். அவர் சிரிப்பை அதுவரை யாரும் கேட்டதில்லை. கதவுக்கு வெளியே, திரைக்காரர் கயிற்றைச் சுற்றிக்கொண்டே தானும் சிரித்தார்.