ஸ்தனிஸ்லாஸ் பார்த்த பிரேக்

தேனாம்பேட்டையில் கரீமுல்லா பாயின் பட்டறையிலிருந்து எந்த வண்டி வெளியே போனாலும், பிரேக்கைப் பார்த்து "போலாம்" என்று சொல்வது ஸ்தனிஸ்லாஸ்தான். பதினேழு வருஷமாக அப்படி. அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் சாந்தோமிலிருந்து தினமும் நடந்து வந்தார் என்றாலும் தப்பில்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷம் கோதண்டபாணி வேலைக்குச் சேர்ந்தான். பர்மா எல்லையில் ஜீப்புகளைப் பழுது பார்த்தவன். பட்டறையில் அவன் பெயரே மிலிட்டரி என்றாகிவிட்டது. பாய் தன் டீயில் பாதியை அவனுக்கு ஊற்றிக் கொடுத்தார். ஸ்தனிஸ்லாஸுக்கு வயிறு எரிந்தது. போதாக்குறைக்கு வீட்டில் மனைவி மர்சலின், "அந்தத் தம்பி நம்ம தையல் மிஷின ஒரு தரம் தொட்டுது, ஓடுது. நீங்க மூணு மாசமா நாளைக்கு நாளைக்குன்னீங்க," என்றாள். அன்று அவர் மீன்குழம்பைத் தொடவில்லை.

ராணுவ ஏலத்தில் எடுத்த ஜீப் ஒன்று வந்தது. மலைத்தோட்டத்துப் பாதையில் ஓட, அதை உயர்த்திக் கொடுக்க வேண்டும். கோதண்டபாணி அச்சின் மேல் வண்டியைத் தாங்கும் வில்லுப்பட்டைகளைக் கூட்டி நான்கு அங்குலம் தூக்கிவிட்டான்.

ஸ்தனிஸ்லாஸுக்கு உள்ளூரச் சந்தோஷம். வண்டியின் சட்டத்திலிருந்து அச்சுக்குப் போகும் பிரேக் ரப்பர் குழாய் பழைய அளவுதான். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அது விறைத்து அறுந்துபோகும். பையன் மாட்டிக்கொண்டான்.

சட்டத்துக்கு ஜாக்கி கொடுத்து, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்வரை ஏற்றி, கட்டைகளை முட்டுக்கொடுத்துவிட்டு அடியில் போய்ப் படுத்தார். குழாயைத் தொட்டார். விறைக்கவில்லை; இரண்டு விரல் தொய்வு இருந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தார். அங்கும் அப்படியே. குழாயைப் பிடித்திருக்கும் இடத்தையே, ஒரு வளைந்த இரும்புத் துண்டு வைத்து மிலிட்டரி கீழே இறக்கியிருந்தான். அவராக இருந்தால் நீளக் குழாய் தேடி ஊரெல்லாம் அலைந்திருப்பார்.

"எப்டி கீது?" என்றார் பாய்.

"பத்தாது," என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"நா ரெண்டு தபா பாத்தேன் அண்ணாத்தே," என்றான் கோதண்டபாணி.

"நீ பாத்தா ஆச்சா? கழட்டிட்டு நீளமா போடு."

"மிலிட்டரிக்கே பிரேக்கா?" என்று யாரோ சொல்ல, பட்டறை சிரித்தது. ஸ்தனிஸ்லாஸுக்கு அது வெல்லமாக இனித்தது.

கோதண்டபாணி சண்டைக்கு வரவில்லை. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று ஸ்பானரோடு வந்து பக்கத்தில் படுத்தான். இரும்புத் துண்டின் முதல் நட்டைத் தளர்த்தினான். அப்போதுதான் ஸ்தனிஸ்லாஸுக்கு உறைத்தது: நீளக் குழாய் போட்டால் அது வில்லுப்பட்டையில் உரசும். மலையில் ஏறி இறங்கினால் ஒரு மாசத்தில் தேய்ந்து ஓட்டை விழும், பிரேக் பிடிக்காது.

இரண்டாவது நட்டில் ஸ்பானர் மாட்டியதும் ஸ்தனிஸ்லாஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வுடு. பத்துது."

"இப்பத்தானே பத்தாதுன்னே?"

"பொய் சொன்னேன்."

கோதண்டபாணி அவரையே பார்த்தான். "இன்னாத்துக்கு? அந்த அரை கிளாஸ் டீக்கா?"

அவர் வெளியே வந்து, "குழாய் சரியா கீது பாய். நாந்தான் மாத்திச் சொன்னேன்," என்றார்.

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இதுவரைக்கும் நீ இப்டி மாத்திப் பேசினதில்ல. இனிமே நீ பாத்த பின்னால மிலிட்டரியும் ஒரு தபா பாக்கட்டும்."

"எனக்கு வேணாம் பாய். அண்ணாத்தே பாத்தா போதும்," என்று அடியிலிருந்து குரல் வந்தது.

அதைத்தான் ஸ்தனிஸ்லாஸால் தாங்க முடியவில்லை. இப்படிப் பெருந்தன்மையாகப் பேசவும் அவனுக்கே வாய்த்தது.

பாய் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்தனிஸ்லாஸ் மறுபடி உள்ளே போய்த் தளர்ந்த நட்டை முறுக்கினார். "இப்ப நீ பாரு," என்று நகர்ந்து இடம் விட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.